விமானியின் வீடு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

1989-ல் அமெரிக்காவில் நடந்த யுனைடெட் நிறுவனத்தின் 232 எண் விமான விபத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். அதன் கேப்டன் ஆல் ஹேன்ஸ் 2019-ல் இறந்தபோது வந்த செய்திகளையும் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்ற விமானி, குடும்பத்தின் மேல் உயிராக இருந்தவர் என்ற பாணியில்தான் எல்லாம் இருந்தன. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

என் பெரியப்பாவும் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். அண்ணன்களின் பள்ளி ஆண்டு விழா எதிலும் அவரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பாதி மாதம் வீட்டில் இல்லாத ஒருவரைக் குடும்பஸ்தர் என்று புகழ்வது வெறும் இரங்கல் மரியாதை இல்லையா? விபத்துக்குப் பிறகு ஹேன்ஸ் எப்படி வாழ்ந்தார் என்பதையும் படம் இரண்டு வரியில் முடித்துவிட்டது. கூடவே ஒரு சின்னக் கேள்வி: அந்த விமானத்தில் மடியில் இருந்த குழந்தைகளைப் பற்றிப் படத்தில் வந்தது. அதன்பின் விதி மாறியதா?

ஆர்., மதுரை

*

அன்புள்ள ஆர்.,

இரங்கல் செய்தியில் யாரும் மோசமான அப்பாவாக இருந்ததில்லை. அந்த அளவில் உங்கள் சந்தேகம் சரிதான். ஆனால் விமானி வீட்டில் இல்லாத நாட்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பாகப் போகும்.

அந்தத் தொழிலில் எல்லாமே சீனியாரிட்டிதான். அமெரிக்க விமான நிறுவனங்களில் மாதாமாதம் அடுத்த மாத டூட்டி அட்டவணைகளை வெளியிடுவார்கள். எந்த அட்டவணை வேண்டும் என்று விமானிகள் கேட்க வேண்டும். வேலையில் சேர்ந்த தேதி யாருக்கு முந்தையதோ அவருக்கே முதல் உரிமை. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிறிஸ்துமஸ் அன்று எங்கோ ஓர் ஊரின் ஓட்டல் அறைதான் கிடைக்கும். நம் ஊரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இளைய விமானிகள் படும் பாடும் இதேதான். இன்னொரு பக்கமும் உண்டு. தொடர்ந்து மூன்று நான்கு நாள் பறந்தபின் தொடர்ந்து சில நாள் ஓய்வு. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கிற அப்பாவை வங்கி மேலாளர் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களை ஒருவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தூங்கியே தீர்த்தவர்களும் இருக்கிறார்கள், பாவம், அதையும் குறை சொல்ல முடியாது.

ஹேன்ஸ் அந்த நாட்களில் சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றார். அமெரிக்காவில் லிட்டில் லீக் என்பார்கள். முப்பது வருடத்துக்கும் மேல் இதைச் செய்தார். சியாட்டல் பக்கம் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு மைக் பிடித்து அறிவிப்பும் செய்தார். இரண்டுமே காசு வருகிற வேலையில்லை. தன் மகன் அவுட் இல்லை என்று நம்புகிற நாற்பது பெற்றோருக்கு நடுவே தீர்ப்பு சொல்வதைவிட விமானம் ஓட்டுவது சுலபம் என்று நினைக்கிறேன்.

1931-ல் டெக்சாஸில் பிறந்தவர். கடற்படைப் பயிற்சி, மரைன் விமானி, பிறகு 1956-ல் யுனைடெட். அதற்கப்புறம் முப்பத்து மூன்று வருடம் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. ஒரு விமானிக்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

1989 ஜூலை 19-ல் நடந்தது உங்களுக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்வரிலிருந்து சிகாகோ போகும் டிசி-10, இரண்டு பக்கமும் வாலிலுமாக மூன்று எஞ்சின் உள்ள விமானம், 296 பேர். 37,000 அடி உயரத்தில் வால் எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. அந்தத் தட்டின் டைட்டானியம் உலோகம் வார்க்கப்பட்டபோதே உள்ளே புகுந்துவிட்ட ஒரு சின்னக் குறைதான் காரணம். விமானத்தைத் திருப்பும் பாகங்களை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்று, ஒன்று போனால் இன்னொன்று என்று தனித்தனியாக வைத்தவை. ஆனால் மூன்றின் குழாய்களும் வால் பகுதியில் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் போயின. சிதறிய துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன. திருப்ப, ஏற்ற, இறக்க எதுவுமே வேலை செய்யவில்லை. இப்படி நடக்கவே நடக்காது என்று நினைத்திருந்ததால் அதற்கான செய்முறைப் பட்டியலும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பராமரிப்புத் தளத்தை ஃப்ளைட் எஞ்சினியர் ரேடியோவில் கேட்டால், மூன்றுமா போய்விட்டது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

துணை விமானி கட்டுப்பாட்டை முழுக்க இடப்பக்கம் திருப்பி வைத்திருந்தும் விமானம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. ஹேன்ஸ் இடது எஞ்சினைக் குறைத்து வலது எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினார். விமானம் மெல்ல நிமிர்ந்தது. பாக்கி நேரமெல்லாம் கையில் இருந்தது இந்த ஒரு வித்தைதான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதற்கடுத்து நடந்ததில்தான் இருக்கிறது. பயணிகளில் ஒருவராக டெனிஸ் ஃபிட்ச் என்பவர் உட்கார்ந்திருந்தார். அதே நிறுவனத்தில் டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர், டூட்டியில் இல்லை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் ஏதாவது உதவட்டுமா என்று பணிப்பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். ஹேன்ஸ் உடனே வரச் சொன்னார். வந்தவர் இரு இருக்கைகளுக்கும் நடுவே நின்றும் மண்டியிட்டும் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு த்ராட்டில்களையும் கையில் எடுத்துக்கொண்டார். விமானத்தை உண்மையில் ஓட்டிக்கொண்டிருந்த கை அதன்பிறகு அவருடையதுதான்.

1950-களில் வளர்ந்த ஒரு கேப்டனுக்கு இது இயல்பு இல்லை. அந்தக் காலத்தில் கேப்டன் சொன்னதே சட்டம். 1978-ல் போர்ட்லாண்ட் அருகே இதே நிறுவனத்தின் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவது காக்பிட்டில் கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும், கேப்டனிடம் அழுத்திச் சொல்ல முடியாமல் போனதுதான் விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. அதன் பிறகே, 1980-ல் ஆரம்பித்து, எல்லோரும் பேசவும் எல்லோரையும் கேட்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம் என்று ஹேன்ஸ் போன இடமெல்லாம் சொன்னார். அந்தக் காக்பிட்டில் மொத்தம் 103 வருட அனுபவம் இருந்தது, ஆனால் ஒருவருக்கும் இப்படி ஒரு விமானத்தை இறக்கிய அனுபவம் ஒரு நிமிடம்கூட இல்லை, பிறகு என் பேச்சு மட்டும் ஏன் சரியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர்கள் இறங்கப் போன ஐயோவா மாநிலத்துச் சூ சிட்டி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எந்த ரன்வேயில் வேண்டுமானாலும் இறங்குங்கள் என்றதும், ஓ, ரன்வேயாகவே இருக்க வேண்டுமோ என்று சிரித்ததும் இதே மனிதர்தான். அது பதிவாகி இருக்கிறது.

44 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். இறங்கும்போது வேகம் 215 நாட், அதாவது மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர், வழக்கத்தைவிட மிக அதிகம். இறக்கை தரையில் மோதி விமானம் உடைந்து எரிந்தது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். நசுங்கிக் கிடந்த காக்பிட்டை அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் கவனிக்கவே இல்லை, வெறும் இடிபாடு என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

பிறகு எப்படி வாழ்ந்தார் என்கிறீர்கள். சில மாதங்களில் மறுபடி பறக்கப் போனார். ஆனால் தான் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை, அதற்காக ஆலோசனை பெற்றதை அவர் மறைக்கவும் இல்லை. 1991 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். அப்போது அமெரிக்காவில் விமானிகளுக்கு 60 வயதுதான் வரம்பு, அது 65 ஆனது 2007 கடைசியில். ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் அந்த 44 நிமிடத்தைப் பற்றிப் பேசினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள். விமானிகள், மருத்துவமனைக்காரர்கள், தீயணைப்புத் துறையினர் என்று கேட்டவர்கள் எல்லா வகையும். ஹீரோ என்று யாராவது ஆரம்பித்தால் தடுத்துவிடுவார். அதிர்ஷ்டத்தைத்தான் முதலில் வைப்பார்: பகல் நேரம், தெளிவான வானம், மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும் நேரம், விமான நிலையத்தில் அன்றைக்கென்று டூட்டியில் இருந்த தேசியக் காவல் படை.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். 1996-ல் மூத்த மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். 1999-ல் மனைவி இறந்தார். அடுத்து மகளுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் நோய், மாற்று சிகிச்சை செய்தாக வேண்டும். காப்பீடு முழுச் செலவையும் ஏற்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்ததும் அந்த விமானத்தில் பிழைத்தவர்களும், முன்பின் பார்த்திராதவர்களும் பணம் அனுப்பினார்கள். சிகிச்சை நடந்தது.

இதைக் கைம்மாறு என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. கொடுத்தவர்களைவிட வாங்கிக்கொண்டவரைத்தான் நான் பார்க்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், ஊரெல்லாம் ஹீரோ என்கிறது, அவர் மகளுக்காக ஊரிடமே கை நீட்ட வேண்டி வருகிறது. நம் வீட்டு அப்பாக்கள் பலர் நிலத்தை விற்பார்கள், கடனில் மூழ்குவார்கள், பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் உள்ளுக்குள் சாவார்கள். அதையே பாசம் என்றும் நினைப்பார்கள். ஹேன்ஸால் வாங்கிக்கொள்ள முடிந்தது. ஃபிட்சை உள்ளே வரச் சொன்ன மனம்தான் அது. அவரைக் குடும்பஸ்தர் என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்வது இதற்காக. பேஸ்பால் எல்லாம் அப்புறம்தான்.

உங்கள் பெரியப்பாவைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆண்டு விழாவுக்கு வராதது அவருக்கும் வலித்திருக்கலாம், வலிக்காமலும் இருந்திருக்கலாம். பெரியம்மாவிடம் கேளுங்கள். விமானி வீட்டில் காய்ச்சலும் கரண்ட் பில்லும் பள்ளிக் கூட்டமும் யார் தலையில் விழும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடைசிக் கேள்வி. அந்த விமானத்தில் மடிக் குழந்தைகள் நால்வர். அன்றைய நடைமுறைப்படி அவர்களைக் கால்களுக்கு இடையே தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 23 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அப்படிச் செய்யச் சொல்லி அறிவித்தவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். அந்தத் தாய் எதிரே வந்து நின்றதை அவரால் மறக்க முடியவில்லை. குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயம் ஆக வேண்டும் என்று அவர் பல வருடம் போராடினார். விபத்தை விசாரித்த வாரியமும் அதையே பரிந்துரைத்தது. அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்துத் துறை மறுத்தது. குழந்தைக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னால் பலர் காரில் போவார்கள், சாலையில் இன்னும் அதிகமான குழந்தைகள் சாவார்கள் என்று வாதிட்டது. முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் விமானத்தில் நம் கைப்பைக்கு இருக்கிற கட்டுப்பாடு குழந்தைக்கு இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. விதி மாறவில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தையை அங்கே இன்றும் மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். இந்தியாவிலும் மடிதான், ஆனால் பெரியவரின் பெல்ட்டோடு கோத்துப் போட ஒரு சின்ன பெல்ட் தருவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.