ஒப்பிலக்கியம் படிக்கப் போகிறாளாம்

வணக்கம் ஐயா. பி.ஏ. தமிழ் முடிக்கப் போகும் மகள் எம்.ஏ. ஒப்பிலக்கியம் படிக்கக் கொல்கத்தா போகிறேன் என்கிறாள், அப்படியொரு படிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பல மொழி இலக்கியங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கும் படிப்பு. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956-இல் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் தொடங்கிய துறை அது.

கம்பரையும் மில்டனையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒற்றுமை வேற்றுமை எழுதும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். குறுந்தொகையில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று வருகிறதல்லவா? செம்மண்ணில் விழுந்த மழைநீர். தமிழில் அது கலந்துவிட்ட ஒரே நீர். சங்கப் பாடல்களை மொழிபெயர்த்த ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில் அது ‘செம்மண்ணும் கொட்டும் மழையும்’ என்று இரண்டாகிறது. கலந்த பிறகு இருக்கும் நீரா, கலக்கப் போகும் இரண்டா? இதைக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார முடிந்தவளுக்கு அந்தப் படிப்பு பிடிக்கும்.

துறை செத்துவிட்டது என்று இணையத்தில் படித்தீர்களாம். 1993-இல் ஒப்பிலக்கிய அறிஞர் சூசன் பாஸ்நெட் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். 2003-இல் இன்னோர் அறிஞரான காயத்ரி ஸ்பிவாக் தன் புத்தகத்துக்கே அந்தப் பொருளில் தலைப்பு வைத்தார். அதே ஸ்பிவாக்குக்குத்தான் 2025-இல் நார்வேயின் பெரிய ஆய்வுப் பரிசான ஹோல்பெர்க் பரிசு கிடைத்தது! துறைக்கு அறிஞர்கள் எழுதும் மரண அறிவிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குள்ள கவலையெல்லாம் பட்டத்தின் பெயர்தான்.

நம் ஊரில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம் என்று பாடவாரியாகத்தான் வரும். ‘ஒப்பிலக்கியம்’ என்று மட்டும் சான்றிதழில் இருந்தால், எதற்கு இணை என்ற கேள்வி எழும். என்னிடம் வந்த ஒரு பெண் தன் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணை என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றுக்காக மாதக்கணக்கில் அலைந்தாள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் ‘ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும்’ என்றே பட்டம் இருக்கிறது. தமிழ் படித்தவர்கள் சேரலாமா என்று இந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஒப்பிலக்கியம் தனிப் பாடம். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அப்புறம் மொழிபெயர்ப்பு, பதிப்பகம் என்று வழிகள் உண்டு; ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன்.

இன்னொன்று: வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். விண்ணப்பிக்கும் முன், அந்தச் செம்புலப் பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்.