அந்தக் கையெழுத்து யாருடையது? நீலகிரி வேட்பாளர்களின் வாக்குறுதிகள்: கேள்வி பதில்

ஊட்டி, கூடலூர், குன்னூர் என்று மூன்று தொகுதியிலும் துண்டறிக்கை மழை. அதில் உள்ளவற்றில் எது ஒரு எம்.எல்.ஏ.வால் ஆகிற காரியம், எது ஆகாது என்று மட்டும் கேளுங்கள், சொல்கிறேன். நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நிலம் பற்றிக் கேட்டால் நீளமாகப் பேசுவேன், மற்றவற்றில் தெரிந்த அளவு. யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி: "பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை பெற்றுத் தருவேன்" என்று ஒருவர் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். முடியுமா ஐயா?

"பெற்றுத் தருவேன்" என்று எங்கே பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது? இலை விலையில் அது எம்.எல்.ஏ. கையெழுத்து இல்லை. தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஏலத்தில் தூள் விற்ற சராசரியை வைத்து, விவசாயிக்கு 65, ஆலைக்கு 35 என்ற பங்கீட்டில் மாதாமாதம் குறைந்தபட்ச விலையை வாரியம்தான் அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் விலை விழுந்தால் இலை விலையும் விழும். மேடையில் பேசி அதை நிறுத்த முடியாது.

ஆனால் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையமான இன்கோசர்வ் மாநில அரசின் கையில் இருக்கிறது. கூட்டுறவு ஆலையில் இயந்திரம் பழசாகிக் கிடப்பது, உறுப்பினருக்குப் பணம் தாமதமாவது, தூளின் தரம், ரேஷன் கடையில் ஊட்டி டீ விற்பனை, இலைக்கு மாநில ஊக்கத்தொகை, எல்லாமே சென்னையில் முடிவாகிறவை. வேட்பாளர் வந்தால் விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் ஆலையின் பெயரைச் சொல்லி, அங்கே என்ன செய்வார் என்று கேளுங்கள். ஆலை எங்கே இருக்கிறது என்றாவது தெரிகிறதா பார்க்கலாம்.

ஓவேலி, வாக்காளர்: பிரிவு 17 நிலத்துக்குப் பட்டா தருவதாக எல்லோருமே சொல்கிறார்கள். என் அப்பா காலத்திலிருந்து கேட்கிறோம். இந்த முறையாவது நடக்குமா?

இதற்குப் பின்கதை சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படியுங்கள்.

கூடலூர், பந்தலூர் நிலங்கள் கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்தவை. கோவிலகம் அதில் பெரும்பகுதியை எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. 1969-ல் தமிழக சட்டமன்றம் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 1974-ல். சொந்தமாகப் பயிர் செய்தவர்களுக்கு 8, 9, 10 பிரிவுகளில் பட்டாவுக்கு வழி இருந்தது. தோட்டக் குத்தகைகள் 17-ஆம் பிரிவில் போயின. அதாவது கோவிலகம் நின்ற இடத்தில் அரசு வந்து நின்றது, குத்தகை தொடர்ந்தது.

எஸ்டேட்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். காட்டு நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது செல்லாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 34-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் இந்தச் சட்டத்தை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றினார்கள். அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றம் ரத்து செய்யாமல் சட்டங்களைக் காக்கிற பட்டியல் அது. அதை எதிர்த்த வழக்கில்தான் 2007-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டால் மட்டும் ஒரு சட்டம் தப்பிவிடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிற கொய்லோ வழக்கு அது. கூடலூர் நிலத்தில் முளைத்த வழக்கு என்று கூடலூர்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிறகு 2010-ல் அந்தத் திருத்தத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு பக்கம், கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, ஆவணத்தில் காடு என்று இருக்கும் எந்த நிலமும், உடைமை யாருடையதாக இருந்தாலும், காடுதான் என்றது. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற 1980 சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆக உங்கள் வீடு இருக்கும் சர்வே எண் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பட்டா அதற்கு அப்புறம்.

இதற்கு நடுவே இலங்கையிலிருந்து வந்தவர்கள், கேரளத்திலிருந்து வந்தவர்கள், எஸ்டேட் வேலைக்கு வந்து தங்கியவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறிவிட்டன. பெரிய எஸ்டேட்டின் குத்தகை வழக்கும், பத்து சென்ட்டில் ஓட்டு வீடு கட்டியவரின் பிரச்சினையும் ஒரே கோப்புக் கட்டுக்குள் கிடக்கின்றன. இரண்டையும் பிரிப்பேன் என்று சொல்கிற வேட்பாளர் யாராவது இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மின் இணைப்பும் அப்படித்தான். மின்வாரியமும் வருவாய்த்துறையும் மாநிலத்துடையவை. பட்டா இல்லாவிட்டாலும் குடியிருக்கும் வீட்டுக்கு விளக்கு எரிய வழி செய்வதற்காக ஒரு எம்.எல்.ஏ. கோட்டையில் போராட முடியும்.

பழங்குடி மக்களுக்கு வழி வேறு. 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபையில் மனு கொடுங்கள். பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களை இந்தப் பட்டா கூட்டத்தில் சேர்த்துக் குழப்புகிறார்கள், அது அநியாயம்.

ஒரு எச்சரிக்கை. தேர்தல் சமயத்தில்தான் "பட்டா வரப்போகிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்று புரோக்கர்கள் கிளம்புவார்கள். பிரிவு 17 நிலத்தை வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தில் வாங்காதீர்கள்.

தேவாலா, வாக்காளர்: பிரிவு 17 நிலத்துக்குப் பட்டா கிடைக்குமா?

மேலே உள்ளதைப் படியுங்கள்.

ஊட்டி, கடைக்காரர்: இ-பாஸை ஒழிப்பதாக ஒரு வேட்பாளர் சொல்கிறார். எங்கள் வியாபாரம் பாதியாகிவிட்டது.

மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ், அது சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அமலானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. நீதிமன்ற உத்தரவை எம்.எல்.ஏ. ஒழிக்க முடியாது, அரசு மறு ஆய்வு கேட்கலாம். ஆனால் நீதிமன்றம் ஏன் உள்ளே வந்தது? சாலை, பார்க்கிங், குப்பை, குடிநீர் எதிலும் அரசும் நகராட்சியும் கணக்குப் பார்க்கவில்லை, அதனால் வந்தது. ஒழிப்பேன் என்பவரிடம் மே மாதம் சேரிங் கிராஸில் நிற்கும் வண்டிகளை எங்கே நிறுத்தப் போகிறார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஊட்டி அருகே ஒரு ஹட்டி (படுகர் கிராமம்), ஆசிரியர்: படுகரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பது பற்றி?

அரசியல் சட்டம் 342-ஆவது பிரிவு. மாநிலம் பரிந்துரை செய்யும், இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒப்புக்கொள்ள வேண்டும், நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் அப்படித்தான் 2023 தொடக்கத்தில் சேர்ந்தார்கள். கோரிக்கை நியாயமா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை, அது மானுடவியல்காரர்கள் வேலை. உங்கள் எம்.எல்.ஏ. வேட்பாளரால் ஆவது மாநிலப் பரிந்துரைக்காகக் குரல் கொடுப்பது வரைதான். அதற்கு மேல் சொன்னால் எம்.பி. தேர்தல் வரைக்கும் பொறுங்கள்.

கூடலூர், இளைஞர்: எதைக் கேட்டாலும் டெல்லி, கோர்ட், வாரியம் என்கிறீர்கள். அப்புறம் எம்.எல்.ஏ. எதற்கு? கவுன்சிலர் போதுமே!

பந்தலூர், தோட்டத் தொழிலாளி: அந்தத் தம்பி சொல்வது சரிதான். ஓட்டுக் கேட்க மட்டும்தான் வருகிறார்கள்.

குன்னூர், வாக்காளர்: நீங்கள் வேட்பாளர்களுக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள் ஐயா. நாளைக்கு அவர்களே உங்கள் பதிலைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள்.

அப்படி வாருங்கள். இதற்குத்தான் காத்திருந்தேன்.

சாக்குச் சொல்ல இடமில்லாமல் செய்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆகாததைச் சொல்லி ஓட்டு வாங்கியவர், ஐந்து வருடம் கழித்து "டெல்லி விடவில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆகிறதைச் சொல்ல வைத்தால் அந்தக் கதவு அடைபடும்.

பிரிவு 17-ஐ எழுதியது யார்? சென்னை சட்டமன்றம். அதைத் திருத்தும் மசோதா வரவேண்டிய இடமும் அதுதான். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949, அதுவும் மாநிலச் சட்டம். காடு என்ற விஷயம் 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, 42-ஆவது திருத்தத்தில் பொதுப் பட்டியலுக்குப் போனது. பொதுப் பட்டியல் என்றால் மாநிலத்துக்கும் பங்கு உண்டு.

பந்தலூர் அம்மாவுக்குச் சொல்கிறேன். டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் மாநில அரசின் சொந்தக் கம்பெனி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்த தோட்டம் அது. ஓய்வு பெற்றதும் லைன் வீட்டை, அதாவது தோட்டம் கொடுத்த குடியிருப்பை, காலி செய்யச் சொல்கிறார்களே, அப்புறம் எங்கே போவது என்பது டெல்லியில் இல்லை, கோர்ட்டில் இல்லை, முழுக்க முழுக்கத் தலைமைச் செயலகத்தில் இருக்கிற கேள்வி. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அறிவிப்பதும் மாநில அரசுதான். இரண்டும் உங்கள் வீட்டுக்கு வந்த துண்டறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். எனக்குக் கிடைத்தவற்றில் பட்டா, யானை, இ-பாஸ் மூன்றும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. லைன் வீட்டைக் காணோம்.

இன்னொன்று, சட்டமன்றத்தில் மனுக்கள் குழு இருக்கிறது. அமைச்சர் அவையில் கொடுத்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று துருவுகிற உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேள்வி நேரம், மானியக் கோரிக்கை விவாதம் எல்லாம் இருக்கின்றன. பழைய எம்.எல்.ஏ. மறுபடி நின்றால், ஐந்து வருடத்தில் ஜென்ம நிலம் பற்றி எத்தனை கேள்வி கேட்டார் என்று கேளுங்கள். அவைக் குறிப்பில் பதிவாகியிருக்கும், மழுப்ப முடியாது. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். அது எந்தெந்த ஊருக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

கவுன்சிலர் போதுமா தம்பி? கவுன்சிலரால் ஜென்மச் சட்டத்தில் ஒரு கமாவை மாற்ற முடியாது.

கூடலூர், அதே இளைஞர்: சரி. ஆனால் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது?

2021-ல் கூடலூரில் ஜெயித்தது எதிர்க்கட்சி, குன்னூரில் ஆளுங்கட்சி, ஊட்டியில் கூட்டணிக் கட்சி. குன்னூர்க்காரர் அமைச்சராகவும் ஆனார். பிரிவு 17 இன்னும் அப்படியே இருக்கிறது. இதற்கு மேல் போனால் கட்சிப் பேச்சாகிவிடும்.

மசினகுடி, வாக்காளர்: மூடிய ரிசார்ட்டுகளைத் திறக்க வைப்பதாகச் சொல்கிறார்களே?

அந்த ரிசார்ட்டுகள் இருக்கும் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. தனித்தனி நில ஆட்சேபணைகளுக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. அங்கே பேச வேண்டியதை மேடையில் பேசுகிறார்கள். ஜீப் ஓட்டியும், மாடு மேய்த்தும் பிழைக்கிற உள்ளூர்க்காரர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதுதான் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது.

சேரம்பாடி, விவசாயி: யானையைப் பிடித்துக் கொண்டுபோக உத்தரவிட வைப்பாராம். நடக்குமா?

உத்தரவு போடுவது தலைமை வன உயிரினக் காப்பாளர், 1972 சட்டப்படி. எம்.எல்.ஏ. அழுத்தம் கொடுக்கலாம், கொடுத்துமிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பி.எம்.2 யானையைப் பிடித்தார்கள் அல்லவா? அதற்குப் பிறகு உங்கள் பக்கம் யானை வராமலா இருக்கிறது? தெருவிளக்கு, விரைவுக் காவல் குழுவுக்கு வண்டி, நிவாரணம் சீக்கிரம் கைக்கு வருவது, கக்கூஸ் இல்லாத லைன் வீடுகளில் வீட்டோடு கக்கூஸ், இதையெல்லாம் கேளுங்கள். இருட்டில் வெளியே போகும்போதுதான் ஆள் சாகிறது.

ஊட்டி: இந்து நகர் பிலிம் தொழிற்சாலையை மறுபடி திறப்பார்களாமே?

மத்திய அரசு நிறுவனம். மூடியாகிவிட்டது. பிலிம் வாங்க ஆளும் இல்லை.

கூடலூர், லாரி ஓட்டுநர்: பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவில் வண்டி ஓட்டத் தடை?

2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை. ரோடு கர்நாடகத்தில் இருக்கிறது. அடுத்த கேள்வி.

எருமாடு, வாக்காளர்: ஐயா, பிரிவு 17-ல் 20 சென்ட் விலைக்கு வருகிறது. பட்டா வரும் என்று வேட்பாளரே சொல்லியிருப்பதால் வாங்கலாமா?

இவ்வளவு எழுதியும் இந்தக் கேள்வியா? வாங்காதீர்கள். வேட்பாளர் சொன்னாலும் வாங்காதீர்கள். அவர் அட்வான்ஸ் கொடுத்து வாங்கியிருக்கிறாரா என்று, வேட்புமனுவோடு தாக்கல் செய்த சொத்துப் பிரமாணப் பத்திரத்தில் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது.

கட்டபெட்டு, இலை வியாபாரி: இலைப் பணம் ரொக்கமாக எடுத்துப் போகிறேன். பறக்கும் படை பிடித்தால்?

50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். ஆலை ரசீதும் பாங்கில் பணம் எடுத்த சீட்டும் வண்டியிலேயே இருக்கட்டும், வீட்டில் இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. பிடித்துவிட்டால் அங்கேயே சண்டை போடாமல், எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு கலெக்டர் அலுவலகம் போங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே அங்கே ஒரு குழு இருக்கிறது, கணக்குச் சரியாக இருந்தால் விடுவித்துவிடுவார்கள்.