கேட்டுக்குத் தனிக் கேமரா

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். எட்டுக் கேமரா வேண்டும் என்கிறார் பொருத்துபவர். கேட், வீட்டிலிருந்து 200 அடி தள்ளி இருக்கிறது. எத்தனை போதும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: நான்கு போதும் அம்மணி. இட்டேரியிலிருந்து (இருபுறமும் வேலி உள்ள வண்டிப்பாதை) உள்ளே திரும்பும் கேட், முன்வாசல், பின்கதவு, மாடு கட்டும் கட்டுத்தரையையும் மோட்டார் அறையையும் சேர்த்துப் பார்க்க ஒன்று. கிளுவை வேலி முழுவதையும் படம் பிடித்து யார் உட்கார்ந்து பார்ப்பது?

கேட்டை வீட்டுச் சுவரிலிருந்து பார்க்க நினைக்காதீர்கள். வழக்கமாகத் தரும் 2.8 மி.மீ. லென்ஸ் அகலமாகக் காட்டும். 200 அடிக்கு அப்பால் நிற்பவர் எறும்பாகத்தான் தெரிவார். கேட் தூணிலேயே ஒன்றை வையுங்கள். 100 மீட்டருக்குள் என்பதால், நெட்வொர்க் கேபிளில் ஓடும் (PoE) கேமராவாக இருந்தால் மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போய்விடும். முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைத் தள்ளிவிடுவார்கள், விலை குறைவு என்று மயங்க வேண்டாம்.

உயரம் 8 முதல் 10 அடி. அதற்கு மேலே ஏற்றினால் முகம் விழாது, தலையில் கட்டிய துண்டுதான் பதிவாகும். மேற்கு பார்த்து வைத்தால் சாயங்கால வெயிலில் ஆள் வெறும் நிழலாகிவிடுவார். லென்ஸின் முன்னால் சிலந்தி வலை கட்டினால், இரவில் கேமராவிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுப் படம் வெளுத்துவிடும். அவ்வப்போது ஒட்டடை அடிக்கச் சொல்லுங்கள்.

பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது வீண். திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பூட்டிய அறையில், யுபிஎஸ் இணைப்போடு இருக்கட்டும். பொருத்தியவர் போட்டுக்கொடுத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.