செடித் தண்ணீரில் வளரும் கொசுக்கள்: கேள்வி பதில்

கேள்வி: ப்ரொமீலியாட் (அன்னாசிக் குடும்பச்) செடியின் இலை இடுக்கில் தேங்கிய நீரில் புழுக்கள் நெளிகின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன கொசு?

பதில்: மேலிருந்து எடுத்த புழுப் படத்தில் இனம் தெரியாது. மலேரியா பரப்பும் அனாபிலஸ் வகையா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். அதற்கு மூச்சுக்குழல் நீண்டிருக்காது. அதனால் நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கும். மற்றவை தலைகீழாகத் தொங்கும். உங்களுடையது தொங்குகிறது. ஆனால் செடியில் அனாபிலஸ் எங்கே வரப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். கரீபியன் தீவான டிரினிடாடில் மலேரியா பரப்பிய அனாபிலஸ் பெல்லேட்டர் வளர்ந்தது ப்ரொமீலியாட் நீரில்தான்.

புழுவை அதே செடித் தண்ணீரோடு எடுத்து, வலை கட்டிய குப்பியில் வளருங்கள். கூட்டுப்புழுவானபின் இரண்டு மூன்று நாளில் கொசு வெளிவரும். இனத்தைக் காட்டும் செதில் ஒன்றுகூட உதிராத நேரம் அதுதான். உடல் கெட்டிப்பட ஒரு நாள் விட்டு, மார்பின் முதுகு, பக்கவாட்டு, பின்னங்கால் மூன்றையும் தனித்தனியே படம் எடுங்கள். எந்தச் செடி என்பதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். அது இல்லாத படத்துக்குப் பாதி மதிப்புதான்.

கேள்வி: காலில் கறுப்பு வெள்ளை வரி. டெங்கு கொசுதானே?

பதில்: கால் வரி பல இனங்களுக்கு உண்டு. முதுகைப் பாருங்கள். யாழ் போல வளைந்த வெள்ளைக் கோடுகள் என்றால் ஈடிஸ் எஜிப்டி. நடுவில் ஒற்றைக் கோடு என்றால் ஈடிஸ் ஆல்போபிக்டஸ், அல்லது அதன் நெருங்கிய உறவு.

கேள்வி: எனக்கும் வரிக்கால் கொசுதான். டெங்குவா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். முதுகுப் படமும் செடியின் பெயரும் வேண்டும்.

கேள்வி: பறந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். வெளியே எடுத்ததும் உடம்பில் ஈரம் பூத்துச் செதில்கள் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஆய்வுக்கூடங்களில் குளிரூட்டித்தானே கையாளுகிறார்கள்? எதற்கு இவ்வளவு கறார்?

பதில்: அங்கே எண்ணவும் பிரிக்கவும் குளிரூட்டுகிறார்கள். நாம் எடுப்பது உயிருள்ள கொசுவின் படம். அது உட்காரும் விதமே ஓர் அடையாளம். அனாபிலஸ் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து நிற்கும். வையோமியா என்ற கொசு வகை பின்னங்கால்களைத் தலைக்கு மேல் வளைத்துப் பிடிக்கும். குளிரில் விறைத்துச் சாய்ந்த கொசுவிடம் இதெல்லாம் போய்விடும்.

கேள்வி: அசையும் கொசுவின் மங்கலான படத்தைவிட, மயங்கிய கொசுவின் தெளிவான படம் மேல் அல்லவா?

பதில்: செதில் மட்டும் போதுமென்றால் சரி. ஆனால் மங்கல் வராமல் எடுக்க வழி இருக்கிறது. மேக்ரோ லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 11, ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தாள் கட்டிய ஃப்ளாஷ். முக்கியமாக, மூச்சுக்காற்று அதன்மேல் படக் கூடாது. நம் மூச்சிலுள்ள கரியமில வாயு பெண் கொசுவை உசுப்பிவிடும். முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டு மெல்ல நெருங்குங்கள்.

கேள்வி: கையில் கடிக்க விட்டால் அசையாதே?

பதில்: இனம் தெரியாத கொசுவுக்குக் கையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மரப்பொந்தில் பெரிய கொசு. நீலமாக மின்னுகிறது, உறிஞ்சுகுழல் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது.

பதில்: அருமை! டாக்சோரிங்கைட்டிஸ். கடிக்காது, தேன்தான் குடிக்கும். புழுப் பருவத்தில் மற்ற கொசுப் புழுக்களைத் தின்னும். தனிக் குப்பியில் வளருங்கள், இல்லையென்றால் கடைசியில் அது மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: செடிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. சுகாதாரத் துறையைக் கேளுங்கள்.