சூளைக் கிராமத்தில் விழிப்புணர்வுப் படம் போடுவது எப்படி?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் செங்கல் சூளைக்கு ஆள் போகும் சில கிராமங்களில், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் சார்பில் ஆள் கடத்தல் பற்றிப் படம் போட நினைக்கிறோம். எந்த மாதிரிப் படம், எப்படி நடத்துவது?

பதில்: வேனில் வந்து பிள்ளையைத் தூக்கிப்போகும் படம் மட்டும் வேண்டாம். சூளைக்கு ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த மேஸ்திரி. கையில் முன்பணத்தோடு வருவார். கடத்தல் காட்சியைப் பார்த்த ஊர் அவரை விட்டுவிட்டு வழிப்போக்கரைச் சந்தேகிக்கும். 2018 மே மாதம் போளூர் அருகே, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியில் ஒரு மூதாட்டியையே அடித்துக் கொன்றார்கள். முன்பணம், கணக்கு காட்டாத கூலி, ஊருக்குப் போக விடாதது இவை வரும் 15 முதல் 20 நிமிடக் குறும்படம் போதும். தமிழில் பேச வேண்டும். எழுத்து ஓடும் படம் எழுதப் படிக்காதவர்களுக்கு உதவாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓடிடி சந்தா கட்டியிருப்பது ஊருக்குப் போட்டுக் காட்டும் உரிமை ஆகாது.

நன்றாக இருட்டிய பிறகு, 8 அடி அகலத் திரைக்கு 3,000 லூமென்ஸ் புரொஜெக்டர் போதும். தரையில் உட்காருவார்கள் என்பதால் திரையின் கீழ்விளிம்பு 4 அடி உயரத்தில் இருக்கட்டும். கடைசி வரிசை 40 அடியைத் தாண்ட வேண்டாம். யூடியூபை நம்பாமல் படத்தை இரண்டு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் மங்கலானால்கூடப் பொறுப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்துபோவார்கள். ஆகவே செலவை ஸ்பீக்கரில் செய்யுங்கள்.

மேஸ்திரி பணம் எண்ணும் காட்சியில் படத்தை நிறுத்தி, "இவரிடம் என்னவெல்லாம் கேட்டிருக்கணும்?" என்று கேளுங்கள். சூளை எங்கே, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, கணக்கை யார் எழுதுவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று அவர்களே சொல்வார்கள். "வாங்கின பணத்தைக் கொடுக்காமல் எப்படி வர்றது?" என்றும் ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்: 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைக்கும் கொத்தடிமைக் கடன் செல்லாது; திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

கூட்டத்தில் அந்த மேஸ்திரியே, இல்லாவிட்டால் அவர் உறவினரோ இருக்கலாம். அதனால் "உங்களில் யார் மாட்டியிருக்கீங்க?" என்று பொதுவில் கேட்காதீர்கள், முகம் தெரியப் படம் பிடிக்காதீர்கள். பெண்களுக்கு மகளிர் குழுக் கட்டடத்தில் தனியாக ஒருமுறை போட்டால் பேச்சு வரும். முடிந்தபின் தனியாக வந்து யாராவது சொன்னால் நீங்களே சூளைக்குப் போய் விசாரிக்க வேண்டாம். தகவல் கசிந்தால் ஆட்களை இரவோடு இரவாக இடம் மாற்றிவிடுவார்கள். ஆட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். குழந்தை என்றால் 1098, பெண்களுக்கு 181, ஆபத்து உடனடி என்றால் 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த எண்களைத் திரைக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஜூலை 30 ஆள் கடத்தலுக்கு எதிரான உலக நாள். அறிக்கை எழுத வசதியான தேதிதான். ஆனால் முன்பணம் கைமாறும் நேரத்தை ஊரில் விசாரித்து, அதற்குச் சில வாரம் முன்னதாகப் போடுங்கள். கோடையில் போட்டால் சூளைக்குப் போனவர்கள் போக, ஊரில் இருக்கும் கிழவன் கிழவிதான் பார்ப்பார்கள்.