கரிமூட்டப் புகையைப் பல ஆண்டுகள் சுவாசித்திருந்தால் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்குமா?

உங்கள் வீட்டிலும் யாரோ மூட்டத்தில், அதாவது கட்டையை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் இடத்தில், வேலை செய்திருக்க வேண்டும் என்று எண்ணியே எழுதுகிறேன். ஒரே பரிசோதனையில் அத்தனை ஆண்டுகளின் கணக்கும் தெரியாது. நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியல் படித்தவன், ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன்.

மூட்டத்தைப் பிரிக்கும்போது உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டாலும், நல்ல காற்றுக்கு வந்தபின் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். சில நச்சுப் பொருள்கள் ஹீமோகுளோபினுடன் வேதிப்பிணைப்பில் இணைகின்றன. அந்தத் தடயம் சிவப்பணுவின் ஆயுளான ஏறத்தாழ 120 நாள்களுக்கு மேல் நிற்பதில்லை. விறகுப் புகையில் உள்ள நச்சுச் சேர்மங்களான பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்குப் பெரும்பாலும் சிறுநீரைத்தான் சோதிக்கிறார்கள். அதுவும் அண்மைய சில நாள்களின் புகையையே காட்டும். உடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் கூடும் சி-ரியாக்டிவ் புரதம் உயர்ந்திருந்தால், காரணம் புகையா பல்லில் பிடித்த சீழா என்று அந்த எண் சொல்லாது.

என் சித்தப்பா நெடுங்காலம் மூட்டம் போட்டவர். மூச்சு வாங்கத் தொடங்கியபோது, ஒரு தனியார் ஆய்வகம் மாசுப் பரிசோதனை என்று சொல்லி ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றை அளந்து, எல்லாம் இயல்பு என்று தாள் கொடுத்தது. மழைக்காலத்தில் வேலை நின்றிருந்தபோது எடுத்த இரத்தம் அது. தவிர, விறகுப் புகையின் தீங்கை அந்த உலோகங்களைக் கொண்டு அளக்க முடியாது. ஆனால் மூட்டத்தின் முதலாளி அதே தாளைக் காட்டி, வேலையால் வந்த நோயில்லை என்று கைவிரித்துவிட்டார். பிறகு அரசு மருத்துவமனையில் குழாயில் ஊத வைத்துச் சோதித்தபோதுதான் மூச்சுக்குழாய் நாட்பட அடைபட்டிருப்பது தெரிந்தது. ஏழையின் நோயை மறுப்பதற்கு அறிவியலின் பெயரில் ஒரு தாள் பயன்பட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பரிசோதனைகளையே நான் இழித்துரைப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். பெருந்தொகையான மக்களை ஒப்பிடும் ஆய்வுகளில் இவை மிகுந்த பயனுடையவை. கடற்காற்று வீசும் ஊரில் மாசு ஏது என்று கேட்பவர்கள், மூட்டத்தின் மேலேறி மண் அணைப்பவரின் முகத்தில் அடிக்கும் புகையைப் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டவரை முதலில் அந்த ஊதும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த வயதில் மூட்டத்துக்குப் போனார், ஆண்டில் எத்தனை மாதம் வேலை, வீட்டிலும் விறகடுப்பா, பீடி உண்டா என்பவற்றை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். இரத்தமும் எடுப்பதானால், கடைசியாக மூட்டம் பிரித்த நாளையும் நேரத்தையும் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.