அம்புவாஸில் ஒரு நாள்: 350 யூரோ வீண் செலவா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் பாரிஸின் வடக்குப் புறநகரில் வசிக்கிறோம். கணவர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். நான் பகுதி நேரமாகத் துப்புரவு வேலைக்குப் போகிறேன். மூத்த மகளுக்கு 14 வயது, நடுவிலுள்ளவளுக்கு 10, மகனுக்கு 5. நடு மகள் இந்த ஆண்டு பள்ளியில் முதலாம் பிரான்சுவா மன்னரைப் பற்றிப் படித்தாள். அன்றிலிருந்து, லியனார்டோ டா வின்சி வாழ்ந்த அம்புவாஸ் என்ற ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எங்கள் பழைய காரில் போய், கோட்டையையும் அவர் வாழ்ந்த வீட்டையும் பார்த்து, ஓர் உணவகத்தில் சாப்பிட்டு வந்தால் 350 யூரோ ஆகும் என்று கணவர் கணக்குப் போட்டார். "வீடு வாங்கச் சேர்க்கும் நேரத்தில் ஒரே நாளில் இவ்வளவு காசா?" என்கிறார். மாதம் 300 யூரோ சீட்டுக் கட்டுகிறோம், யாழ்ப்பாணத்தில் மாமிக்கு 150 அனுப்புகிறோம். மூத்தவளின் சாமத்திய வீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) வாங்கிய, அடைக்க அடைக்க மறுபடி எடுக்கக்கூடிய சுழற்சிக் கடனில் இன்னும் 1,800 யூரோ பாக்கி, அதற்கு மாதம் 70 போகிறது. லிவ்ரே ஆ என்ற வங்கிச் சேமிப்புக் கணக்கில் 2,400 இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

பதில்: போய் வாருங்கள், சகோதரி. ஆனால் இந்த வாரமே அல்ல. 350 யூரோவும் தேவையில்லை.

உங்கள் கணவரின் கணக்கில் பெரிய பிழை இல்லை. சுங்கம், எரிபொருள், நுழைவுச் சீட்டு, உணவகம் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ அவர் சொல்லும் தொகைதான் வரும். ஆனால் வீடு வாங்கும் கனவை அரிப்பது அந்த ஒரு நாள் அல்ல, சாமத்திய வீட்டுக் கடன். இங்கே சுழற்சிக் கடனுக்கு வட்டி பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 1,800 யூரோ பாக்கிக்கு அந்த வீதத்தில், மாதம் 70 கட்டிவந்தாலும், முதல் ஓராண்டு வட்டி மட்டும் 300 யூரோவுக்கு மேல். நீங்கள் இருவரும் வாக்குவாதப்படும் தொகைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு, ஒருவரும் எங்கும் போகாமலே வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. மறுபக்கம் லிவ்ரே ஆ-வில் கிடக்கும் 2,400 யூரோ ஆண்டு முழுவதும் சில பத்து யூரோ வட்டிதான் ஈட்டித் தரும்.

ஆகவே முதல் வேலை, லிவ்ரேயிலிருந்து 1,800 எடுத்து அந்தக் கடனை ஒரேயடியாக அடைப்பது. இந்த அளவுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தண்டம் கிடையாது. அடைத்ததோடு நின்றுவிடாமல், கணக்கையே மூடும்படி பதிவுத் தபாலில் எழுதிக் கொடுங்கள். திறந்து கிடந்தால் அடுத்த விசேஷத்தின்போது கை மறுபடி அங்கேதான் போகும். இதை உங்கள் கணவர் கட்டாயம் வாசிக்க வேண்டும்: வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது, மொத்தத் தவணைகள் வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே பிரெஞ்சு வங்கிகளுக்கான பொது விதி. அந்த 70 யூரோவும் அதில் சேரும். வங்கி உங்கள் கடைசி மூன்று மாதக் கணக்கறிக்கையைப் புரட்டும்போது, சுழற்சிக் கடனின் பெயர் அதில் இருந்தால் முகம் சுளிக்கும்.

கடனை அடைத்த பின் கையிருப்பு 600 யூரோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது போதாது, ஒப்புக்கொள்கிறேன். விடுபட்ட 70-இல் மாதம் 40 யூரோவைத் திரும்பச் சேமிப்புக்கே போடுங்கள். உங்கள் வருமானத்துக்கு எல்.இ.பி. எனப்படும் மக்கள் சேமிப்புக் கணக்கு கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. அதற்கு லிவ்ரே ஆ-வைவிட வட்டி அதிகம், 10,000 யூரோ வரை வைக்கலாம். வரி அறிவிப்புத் தாளோடு வங்கியில் கேளுங்கள். சீட்டு உங்கள் முறைக்கு வரும்போது முதல் 2,000 யூரோ நேரே அங்கே போகட்டும். சீட்டுக் காசுக்கு எழுத்து ஆதாரம் இல்லை, ஆளை நம்பிக் கட்டுகிறோம். வங்கியில் சேமிப்பு என்று அதைக் காட்ட முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மீதி 30 யூரோ மாதாமாதம் பயணத்துக்கு. ஆறு மாதத்தில் 180 சேரும். இனி அந்தக் காசில் எப்படிப் போய் வருவது என்று பார்ப்போம்.

பிரான்சில் ஒரு பழைய கோட்டைக்குப் பிள்ளைகளோடு போகுமுன் அது யாருடைய சொத்து என்று விசாரிப்பது என் வழக்கம். அரசுக்குச் சொந்தமான சாம்போர், அன்ஷே போன்ற கோட்டைகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அது பெரிய தொகை. அம்புவாஸில் அந்தச் சலுகை இல்லை. அரச கோட்டை சேன் லூயி அறக்கட்டளையுடையது. லியனார்டோ வாழ்ந்த குளோ லூசே மாளிகை 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு தனிக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. இரண்டிலும் தனித்தனிச் சீட்டு. மகனுக்கு வயது 5 என்பதால் கட்டணம் இராது, ஆனால் இரு மகள்களுக்கும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் குடும்பமாக 60 முதல் 70 யூரோ வரை ஒதுக்க வேண்டியிருக்கும்.

என் யோசனை, இரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். காசுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஒரே நாளில் இரண்டு மாளிகைகளின் படிக்கட்டுகளைத் தாங்காது. மாலையில் அழுகையோடும் சலிப்போடும்தான் திரும்புவீர்கள்.

நான் தேர்ந்தால் குளோ லூசே. பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்று 1516இல் வந்த லியனார்டோ தம் கடைசி மூன்று ஆண்டுகளைக் கழித்த வீடு அது. 1519 மே 2 அன்று அங்கேயே இறந்தார். அவருடைய வரைபடங்களைக் கொண்டு செய்த இயந்திர மாதிரிகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. வெளியே தோட்டத்தில் பெரிய மாதிரிகளைப் பிள்ளைகள் கையால் சுழற்றி, ஏறி, இயக்கிப் பார்க்கலாம். மதியம் முழுவதும் அங்கேயே போய்விடும், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. ஆனால் லியனார்டோவின் கல்லறையைப் பார்க்கவேண்டும் என்று உங்கள் மகள் கேட்டால் கோட்டைக்குத்தான் போகவேண்டும். அவருடையவை என்று கருதப்படும் எலும்புகள் அங்குள்ள சேன் உய்பேர் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. குதிரைகளும் வண்டிகளும் ஏறிப் போவதற்கென்று உள்ளே சுழல் பாதை வைத்துக் கட்டிய கோபுரமும் அங்கே உண்டு. எட்டாம் சார்ல் மன்னர் 1498இல் ஒரு தாழ்ந்த வாசல் நிலையில் தலை மோதி இறந்ததும் அந்தக் கோட்டையில்தான், இதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் அந்த வாசலைத் தேடும். இரண்டையும் மகளிடம் சொல்லி, அவளையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். பத்து வயதில் ஒரு தொகைக்குள் ஒன்றைத் தெரிவு செய்யப் பழகுவது அவளுக்கு நல்லது.

கோட்டைக்குள் போகாவிட்டாலும் அதன் முழு அழகு இலவசமாகவே கிடைக்கும். ஊர் லுவார் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. ஆற்றின் நடுவே 'தங்கத் தீவு' என்ற தீவு, பாலம் அதன் வழியாகத்தான் போகிறது. தீவின் கரையில் நின்றால் எதிரே மதிலும் கோபுரங்களும் ஆற்றுக்கு மேலே எழுந்து நிற்கும். மதிய உணவை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் கணக்கில் உணவகத்துக்குப் போயிருக்கக்கூடிய 110 யூரோ அளவு இதில் மிச்சம். புளிச்சாதமும் கட்லட்டும் கட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு விடுமுறை கிடைத்தால், காலையில் ஆற்றங்கரையில் நடக்கும் சந்தையில் பழமும் நடுவே வைக்கோல் செருகிய உள்ளூர் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வாங்கலாம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கண்டிப்பாக வாங்கிக் கொடுங்கள், அதில் கை இறுக்க வேண்டாம்.

இனிப் பயணம். காரில் போக வர 440 கிலோமீட்டர் அளவில் வரும். ஏ10 நெடுஞ்சாலைச் சுங்கமும் எரிபொருளும் சேர்த்து 90 முதல் 100 யூரோ ஆகலாம். ரயிலில் முழுக் கட்டணம் கொடுத்தால் ஐந்து பேருக்கு அதைவிட மிக அதிகம். ஆனால் உங்களுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தும், பெரிய குடும்ப அட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 18 வயதுக்கு உட்பட்ட மூன்று பிள்ளைகள் இருந்தால், சிறு பதிவுக் கட்டணத்தோடு அது கிடைக்கும். பெற்றோர் உட்பட ஒவ்வொருவருக்கும் ரயில் கட்டணத்தில் 30 சதவீதத் தள்ளுபடி. பாரிஸ் மெட்ரோவில் தனிப் பயணச் சீட்டுக்குப் பாதி விலை. அம்புவாஸுக்குப் போகாவிட்டாலும் இந்த அட்டையை இந்த மாதமே எடுங்கள். நம்மவர்களில் பலர் இதைக் கேட்காமலே ஆண்டுக்கணக்கில் முழு விலை கொடுக்கிறார்கள், எனக்கு அது மிகுந்த வருத்தம்.

மலிவான ஊய்கோ ரயில்களில் இந்த அட்டை செல்லாது. அங்கே முன்கூட்டி வாங்குவதுதான் இலாபம், 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குறைந்த நிலையான கட்டணம் உண்டு. நேரம் பொருந்தினால் அம்புவாஸுக்கு அருகிலுள்ள சேன் பியேர் தே கோர் நிலையம் வரை அதில் போய், அங்கிருந்து வட்டார ரயிலில் சிறிது நேரத்தில் அம்புவாஸை அடையலாம். பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நேரடி வட்டார ரயிலும் இருக்கிறது. இரண்டையும் காரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார் நல்ல நிலையில் இருந்தால் உங்கள் குடும்பத்துக்குக் காரே மலிவு என்பது என் கணிப்பு.

கார் 95, ஓர் இடத்துக்கு நுழைவு 70, சந்தையும் ஐஸ்கிரீமும் 25. மொத்தம் 190 யூரோ, ஆறு மாதத்தில் சேரும் 180-ஐவிடப் பத்துத்தான் அதிகம். கணவரின் முதலாளி ஷெக் வகான்ஸ் எனப்படும் விடுமுறைக் காசோலை தருகிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். சிறு நிறுவனங்களும் தரலாம், முதலாளிக்கும் அதில் சலுகை உண்டு. நுழைவுச் சீட்டுக்கு அது உதவும்.

கடைசியாக ஒன்று. கோடையில் லுவார் மணல் திட்டுகளோடு ஆழமில்லாததுபோலத் தெரியும், ஆனால் அடியில் குழியும் இழுப்பும் உண்டு. மகனைக் கரையோடு நிறுத்துங்கள், யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஞாயிறு மாலை பாரிஸ் திரும்பும் பாதையில் நெரிசல் கடுமையாக இருக்கும். ஐந்து மணிக்கு முன்பே புறப்படுங்கள், இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போய் எட்டு மணிக்குக் கிளம்புங்கள்.